நனைந்த விரிப்பை யார் துவைப்பது?

தாமஸ் ஃபேயர் என்ற ஆங்கிலேயர் சட்டமும் மருத்துவமும் படித்தவர். வர்ஜிலின் காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் 1544-ல் குழந்தைகளின் நோய்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கில மொழியில் குழந்தை மருத்துவத்துக்கென்றே எழுதப்பட்ட முதல் நூல் என்று அதைச் சொல்வது வழக்கம். ஏறத்தாழ நாற்பது நோய்களை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார். வயிறு கட்டிக்கொள்வது ஒரு தலைப்பு. அதற்குப் பின் பூச்சித் தொல்லை, தொப்புள் வீக்கம், கல்லடைப்பு என்று போய், அடுத்து வருகிறது படுக்கையில் மூத்திரம் போவது. இதற்கு அவர் சொல்லும் மருந்துகளைக் கேட்டால் இன்றைய தாய்க்கு அருவருப்பாக இருக்கும்: சேவலின் மூச்சுக்குழாயைக் காயவைத்துப் பொடித்தது, முள்ளெலியின் விதையைப் பொடித்தது. ஆனால் காரணம் என்று அவர் சொல்வதை நின்று படிக்க வேண்டும். சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் தேக்கி வைக்கும் வலு குறைந்துபோவதால் இது நேர்கிறது. சிறுவருக்கு மட்டுமன்றி முதியவருக்கும் நேர்கிறது. அவர்கள் விரும்பாமலேயே நேர்கிறது என்கிறார். குழந்தையின் சோம்பலைப் பற்றியோ பிடிவாதத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கிழவரையும் குழந்தையையும் ஒரே வரியில் வைத்துப் பேசியதால் அங்கே பழி சொல்ல இடமே இல்லாமல் போகிறது.

அதிலிருந்து முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1911-ல், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஈஸ்ட்போர்ன் ஊரிலிருந்த ஒரு விடுதிப் பள்ளியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். புது இடத்தில் படுக்கையை நனைத்தான். அதற்காகத் தலைமையாசிரியரிடம் பிரம்படி பட்டான். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்று உலகம் அறிந்த எழுத்தாளர் அவர். அந்தப் பள்ளி நாட்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை அவர் இறந்த பிறகு 1952-ல் அச்சாயிற்று. ஒருவன் செய்ய விரும்பாத, தடுக்கவும் முடியாத ஒன்று பாவமாகிவிடக்கூடும் என்பதைத் தான் கற்றுக்கொண்ட இடம் அது என்று அதில் சொல்கிறார். முள்ளெலிப் பொடிக்கும் பிரம்புக்கும் நடுவே என்ன நடந்தது? அறிவு வளர வளர மூடத்தனம் குறையும் என்பதுதான் நாம் எதிர்பார்ப்பது. இந்த விஷயத்தில் வரலாறு பின்னோக்கி நடந்திருக்கிறது. படுக்கை நனைவது ஒரு குழந்தையின் குற்றம் என்ற எண்ணம் பழங்காலத்தின் மிச்சம் அன்று. அது பெரும்பாலும் விடுதி, அனாதை இல்லம், மருத்துவமனை ஆகியவை பெருகிய காலத்தின் விளைவு. நனைந்த துணியைத் துவைக்கும் கை தாயினுடையதாக இருந்தவரை ஈரம் ஒரு வேலை மட்டுமே; துவைக்கும் கை அந்நியருடையதாக, கூலிக்கு உழைப்பதாக, கணக்குப் பார்ப்பதாக மாறியபோது ஈரம் குற்றமாயிற்று. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. துவைக்க வேண்டிய ஈரத்தின் மீதே எல்லார் கண்ணும் பதிந்திருந்ததால், துவைக்க ஒன்றும் இல்லாத மலச்சிக்கல் பல குழந்தைகளிடம் அந்த ஈரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது நெடுங்காலம் தெரியாமலே போயிற்று.

பழைய சான்றுகளை முதலில் பார்க்கலாம். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் கனவுகளைப் பற்றிப் பாடும்போது, கழிக்கும் இடத்தில் நிற்பதாகக் கனவு கண்டு விலையுயர்ந்த போர்வையை நனைத்துவிடும் பிள்ளைகளைச் சொல்கிறார். உறக்கம் மனத்தை எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு அது அவருக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளையைக் கண்டிக்கும் தொனி கிடையாது. ரோமானிய அறிஞர் மூத்த பிளினி வேகவைத்த எலியை உணவில் சேர்க்கச் சொன்னார். இந்தியாவில் சார்ங்கதர சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல் இதற்குச் சய்யாமூத்திரம் என்று பெயர் வைத்துக் குழந்தை நோய்களோடு எண்ணியது. மருந்துகள் வினோதமானவை, பலவும் பயனற்றவை. இருந்தாலும் இவர்கள் எல்லாரும் உடம்பைத்தான் பார்த்தார்கள். உடம்பில் ஏதோ தளர்ந்திருக்கிறது, குளிர்ந்திருக்கிறது, ஆழ உறங்குகிறது என்றுதான் தேடினார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மருத்துவ நூல்கள் அப்படிச் சொல்லலாம், ஊரில் குழந்தையை அவமானப்படுத்தவில்லையா? அவமானப்படுத்தியது உண்டு. கொரியாவில், இரவில் படுக்கையை நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து, கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளில் உப்பு கேட்டு வாங்கிவரச் சொல்லும் வழக்கம் இருந்தது. முறத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டாருக்கு விஷயம் புரிந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் குழந்தையின் இடுப்பில் உயிருள்ள தவளையைக் கட்டிவிட்டதாக 1951-ல் கிளிக்லிச் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரை கூறுகிறது. ஈரம் பட்டதும் தவளை துள்ளும், குழந்தை விழித்துக்கொள்ளும். இவை இதமான பழக்கங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முறத்தோடு தெருவில் நடந்த பிள்ளைக்குக் கூச்சம் உடம்பெல்லாம் ஊர்ந்திருக்கும். ஆனாலும் அந்தக் கூச்சத்துக்கு ஓர் எல்லை இருந்தது. உப்பு கிடைத்ததும் முறம் வீட்டுக்குத் திரும்பிவிடும்; அந்தத் தெருவில் அடுத்த வாரம் வேறொரு பிள்ளையின் தலையில் அது ஏறும்; உப்பு போட்ட பாட்டியும் தன் சிறு வயதில் அதைச் சுமந்தவளாக இருப்பாள். எல்லாருக்கும் வந்து போகும் ஒன்று என்ற அறிவு அந்த வழக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தவளையோ, கேலிக்காக அல்லாமல் எழுப்புவதற்காகக் கட்டப்பட்டது. அது உண்மையில் ஒரு மணி; இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் அதே யோசனையை வேறு வடிவில் மறுபடி கண்டெடுக்கப்போகிறது.

பார்வை மாறுவதன் முதல் தடத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் காணலாம். பாரிஸின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் லூயி பெட்டி, படுக்கையை நனைப்பவர்களை மூன்றாகப் பிரித்தார்: எழுந்து போகச் சோம்பல்படுகிறவர்கள், உணர்வே தெரியாத அளவு ஆழ்ந்து உறங்குகிறவர்கள், சரியான இடத்தில் நிற்பதாகக் கனவு காண்கிறவர்கள். பின்னிரண்டும் லுக்ரீஷியஸுக்கே தெரிந்தவை. முதல் வகைதான் புதிது. சோம்பல் என்ற சொல் மருத்துவப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது. சோம்பேறி என்றால் தண்டிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்மாண்ட் ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறித் துடிப்பதுதான் காரணம் என்று கருதி பெல்லடோனா என்ற மூலிகைச் சாற்றைக் கொடுத்தார். சிறுநீர்ப்பையின் இசிவைத் தளர்த்துவது அது. இன்று நாம் அறிந்திருப்பதற்கு மிக அருகில் வந்த கணிப்பு அது. ஆனால் அந்தக் கணிப்பு மருத்துவ மேடையில் இருந்தது. குழந்தைகளோ விடுதிகளில் இருந்தார்கள்.

அந்த விடுதிகளின் அமைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். நீளமான கூடம், இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் பஞ்சோ வைக்கோலோ அடைத்த மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. தரையில் விரித்த பாயில் ஈரம் பட்டால் கழுவி வெயிலில் சாத்தினால் போதும். மெத்தை அப்படியன்று, நனைந்தால் நாள் கணக்கில் காயாது, நாறும், மட்கும், அதற்கு விலை உண்டு. விரிப்புகளை வாரம் ஒரு முறை மொத்தமாகத் துவைக்கும் ஏற்பாட்டில் தினமும் ஒன்று கூடுதலாக வந்தால் சலவைக்காரியின் உழைப்பு கூடும், கணக்கு உதைக்கும். ஐம்பது குழந்தைகளுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் எந்தக் குழந்தை ஏன் நனைக்கிறது என்று கேட்க நேரம் இருக்காது. ஒழுங்கு குலைவதுதான் கண்ணில் படும். ஒழுங்கைக் குலைத்தால் தண்டனை என்பதே அந்த இடங்களின் விதி. ஆர்வெல் வாங்கிய அடி ஒரு தனி மனிதரின் கொடுமையால் விழுந்தது என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இதே காட்சி நாடு நாடாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளில் வளர்ந்தவர்களிடம் வாக்குமூலம் பெற்ற விசாரணை ஆணையம் 2009-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் படுக்கையை நனைத்ததற்காக அடி வாங்கியதும், மற்றப் பிள்ளைகள் பார்க்க நனைந்த மெத்தையையும் விரிப்பையும் சுமந்து நடந்ததும் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி 2015-ல் முடிவறிக்கை தந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் இதையே பதிவு செய்தது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு நிர்வாகம். தண்டனை மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிறது. கொரியத் தெருவில் முறத்தோடு நடந்த பிள்ளை மாலையில் தாயிடம் திரும்பியது. இந்தப் பிள்ளைகளுக்குத் திரும்ப ஒரு மடி இல்லை. மறுநாள் காலையும் அதே கூடம், அதே கட்டில். வாக்குமூலம் தந்தவர்களில் பலர் முதுமையை எட்டியவர்கள். வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்திருக்கிறார்கள்.

வீட்டில் அடிக்கவில்லையா என்று கேட்கலாம். அடித்த தாய்மார்களும் தகப்பன்மார்களும் உண்டு, இன்றும் உண்டு. களைத்த உடம்போடு நடுராத்திரியில் எழுந்து துணி மாற்றுகிறவள் பொறுமை இழப்பது மனித இயல்பு. நான் சொல்வது கையின் கோபத்தைப் பற்றி அன்று. அந்தக் கோபத்துக்கு நியாயம் கற்பித்த கொள்கையைப் பற்றி. துவைப்பவர் மாறினால் பழி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு சோதனைக்கூடம் போலவே அமைந்தது 1939 செப்டம்பர். போர் மூளும் நாளில் பிரிட்டிஷ் அரசு பெருநகரங்களிலிருந்து மூன்று நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அனுப்பியது. அவர்களில் பாதிக்கு மேல் பெற்றோர் கூட வராத பள்ளிப் பிள்ளைகள். முன்பின் தெரியாத குடும்பங்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். சில வாரங்களுக்குள் நாடெங்கும் எழுந்த பெரும் புகார் படுக்கை நனைவது பற்றியது. செய்தித்தாள்கள் எழுதின, நாடாளுமன்றத்தில் பேசினார்கள், மருத்துவ இதழ்களில் கடிதங்கள் குவிந்தன. நகரத்துச் சேரித் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்பதுதான் முதலில் வந்த தீர்ப்பு. அதே பிள்ளைகள் ஒரு மாதம் முன்பு வரை தங்கள் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. குண்டு விழும் என்ற பயத்தோடு, பெட்டியும் நச்சுவாயு முகமூடியுமாக, கழிவறை இல்லாத ரயில் பெட்டிகளில் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு வந்து, கொல்லைப்புறத்து இருட்டில் எங்கேயோ இருக்கும் கழிப்பிடத்துக்குத் தனியே போக அஞ்சிய குழந்தைகள் அவர்கள். போருக்குப் பின் 1950-ல் ரிச்சர்ட் டிட்மஸ் எழுதிய அரசாங்க வரலாறு இந்தப் புகாருக்குப் பல பக்கங்கள் ஒதுக்கி, பிரிவும் பதற்றமும் குழந்தையின் உடம்பில் எப்படி வெளிப்பட்டன என்று நிதானமாக எடுத்துச் சொல்லிற்று. என் வாதத்துக்கு வேண்டியது அதிலுள்ள ஓர் எளிய உண்மைதான்: குழந்தை அதே குழந்தை, ஈரம் அதே ஈரம்; விரிப்பு மட்டும் வேறொருத்தியுடையது. அவ்வளவில் அது தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது.

இனி மலத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் சார்ல் பூஷார் என்பவர், குடலில் தேங்கும் கழிவின் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடம்பையே கெடுக்கிறது என்ற கொள்கையைப் பரப்பினார். லண்டனின் அறுவை மருத்துவர் அர்பத்நாட் லேன் அதை நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் 1919-ல் அந்தக் கொள்கையின் அடித்தளத்தையே தகர்த்துக் கட்டுரை எழுதினார். நிறைந்த மலக்குடல் தரும் மந்தம் நஞ்சால் வருவதன்று, விரிவால் வருவது என்று காட்டினார். மருத்துவர்கள் மெல்லக் கைவிட்டாலும் வீடுகளில் பயம் நிலைத்துவிட்டது. குழந்தைக்குத் தினமும் ஒரே நேரத்தில் வயிறு போய்த் தீர வேண்டும் என்பது வேதவாக்காயிற்று. 1907-ல் நியூசிலாந்தில் பிளங்கெட் சங்கம் என்ற குழந்தை நல அமைப்பை நிறுவிய ட்ரூபி கிங், பால் கொடுப்பது முதல் மலம் கழிப்பது வரை கடிகாரத்தின்படி நடத்தும் வளர்ப்பு முறையை ஆங்கிலம் பேசும் நாடுகள் எங்கும் பரவச் செய்தார். அமெரிக்க அரசின் குழந்தைகள் துறை 1914-ல் வெளியிட்ட தாய்மார் கையேடு, மூன்றாம் மாதத்திலேயே, சில குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே, கலத்தில் உட்காரப் பழக்கலாம் என்றது. நாப்கின் துவைக்கும் வேலையைச் சீக்கிரம் ஒழிப்பதுதான் அதற்கு அது தந்த காரணம். இங்கும் சலவைதான் பேசுகிறது. நேரத்துக்குப் போகாத குழந்தைக்கு எனிமா, சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய். நம் வீடுகளில் பேதிக்குக் கொடுப்பதற்கென்றே வைத்திருந்த அதே விளக்கெண்ணெய், இந்தியாவிலிருந்து கப்பலேறி, ஆங்கிலேயக் குழந்தைகளின் மிகப் பெரிய அச்சங்களில் ஒன்றாயிற்று.

குழந்தை நம் விருப்பப்படி எவ்வளவோ செய்யும். மலம் கழிப்பதை மட்டும் யாராலும் வற்புறுத்திச் செய்விக்க முடியாது. இறுகிய மலம் ஒரு தடவை ஆசனவாயைக் கிழித்து வலித்துவிட்டால் போதும். அடுத்த தடவை உணர்வு வரும்போது குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி நின்று, முகம் சிவக்க அடக்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அது முக்குவது போலத் தோன்றும். உண்மையில் அது தடுக்கிறது. அடக்க அடக்க மலம் நீர் வற்றி இன்னும் பெரிதாகும், இன்னும் வலிக்கும். மலக்குடல் விரிந்து விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும் கூர்மையை இழக்கும். பிறகு இறுகிய கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். அதற்கும் குழந்தைதான் அடி வாங்கும். இடுப்புக் குழிக்குள் மலக்குடலுக்கு முன்னால் ஒட்டி அமர்ந்திருக்கிறது சிறுநீர்ப்பை. பின்னாலிருந்து ஒரு கட்டி அழுத்தினால் அதன் கொள்ளளவு குறையும், வேளை கெட்ட வேளையில் துடிக்கும். இரண்டுக்கும் கட்டளை போவது தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் ஒரே நரம்புக் கூட்டத்தின் வழியாக. இவ்வளவும் உடற்கூறு தெரிந்த எவரும் ஊகித்திருக்கக்கூடியதே. ஆனால் அடக்கிக்கொள்ளும் குழந்தையின் விரிப்பில் மலம் தெரியாது, நீர்தான் தெரியும். வெளியே தெரிந்த நீருக்குத் தண்டனை கிடைத்தது.

பிரம்பை ஓரளவு கீழே வைக்கச் செய்தது மனவியல்தான் என்பதை மறுக்கக்கூடாது. ஃபிராய்டும் ஆட்லரும் படுக்கை நனைவதை மனத்தின் மொழியாகப் படித்தபோது, குழந்தையை அடிப்பதை விட்டு அதன் பேச்சைக் கேட்கும் ஒரு மரபு தொடங்கிற்று. போர்க்கால விடுதிகளில் இந்தக் குழந்தைகளோடு பழகிய டொனால்ட் வினிகாட் போன்ற மருத்துவர்களின் கனிவு மதிக்கத்தக்கது. ஆயினும் பழி அழியவில்லை, இடம் மாறியது. முதலில் தாயின் மீது விழுந்தது. சீக்கிரம் பழக்கினாள், தாமதமாகப் பழக்கினாள், பாசம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது. பிறகு இன்னும் மோசமான இடத்துக்குப் போயிற்று. ஜான் மக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து, படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வருங்கால வன்முறையாளனின் அடையாளம் என்ற கருத்து பரவி, துப்பறியும் கதைகளிலும் திரைப்படங்களிலும் வேரூன்றிவிட்டது. பிற்கால ஆய்வுகள் அதற்கு உறுதியான ஆதரவு தரவில்லை. தூங்கும்போது நடக்கும் ஒன்றை, விழித்துக்கொண்டு செய்யும் இரண்டு கொடுஞ்செயல்களோடு ஒரே கயிற்றில் கட்டியதே அநியாயம்.

ஆச்சரியமாக, முதல் நம்பகமான சிகிச்சை சலவை நெருக்கடியிலிருந்தே பிறந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த ஃபவுண்ட்லர், மருத்துவமனைக் குழந்தை நனைந்ததும் செவிலியருக்குத் தெரிய வேண்டும், உடனே துணி மாற்ற வேண்டும் என்பதற்காக, ஈரம் பட்டால் மின்சுற்று மூடி மணி அடிக்கும் கருவி ஒன்றை அமைத்து 1904-ல் எழுதினார். சில வாரங்களில் அந்தக் குழந்தைகளில் சிலர் நனைப்பதையே நிறுத்திவிட்டதை அவர் கவனித்தார். செவிலியருக்காக அடித்த மணி குழந்தையை எழுப்பியிருக்கிறது. அமெரிக்காவில் உளவியலாளர்களான மவ்ரர் தம்பதியர் அதையே சிகிச்சையாக வளர்த்தெடுத்து, 1938-ல் முப்பது குழந்தைகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். முப்பது பேரும் இரண்டு மாதத்துக்குள் உலர்ந்த படுக்கையில் எழுந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கத் தவளை மின்சாரமாகி வந்தது என்றே சொல்லலாம். பிற்காலத்தில் எல்லாருக்கும் அந்த அளவு வெற்றி கிட்டவில்லை என்றாலும் மணி இன்றளவும் முதல் வரிசைச் சிகிச்சையாக நிற்கிறது. குழந்தையின் மனத்தைக் குடையாமல், பழி சொல்லாமல், எழுப்பினால் மட்டும் சரியாகிற ஒன்றைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வியை அந்த மணி எழுப்பிவிட்டது. கலத்தில் உட்காரப் பழக்கும் முறையிலும் தளர்வு வந்தது. குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்குக்குப் பின் 1962-ல் அதே துறையைச் சேர்ந்த பிரேசல்டன், 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, குழந்தை தானே ஆயத்தமாகும் வரை காத்திருக்கலாம் என்றார்.

மலத்தையும் நீரையும் இணைத்த கண்டுபிடிப்பு இன்னும் கால் நூற்றாண்டு தள்ளி வந்தது. மான்ட்ரியாலில் சிறுநீரக மருத்துவரான ஷான் ஓரீகனும் கூட்டாளிகளும் 1986-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, படுக்கை நனைவதற்குக் கவனிக்கப்படாத ஒரு பொதுக் காரணம் மலச்சிக்கல் என்று சொல்லிற்று. 22 குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். மலக்குடல் அளவுக்கு மீறி விரிந்திருந்தது. மலச்சிக்கலுக்கு வைத்தியம் செய்ததும் படுக்கை உலர்ந்தது. சிறிய எண்ணிக்கைதானே என்று சொல்லலாம். 1997-ல் அயோவாவில் வேரா லோனிங் பாக் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். அவர்களில் 34 சதவீதம் பேர் இரவில் நனைத்தார்கள், 29 சதவீதம் பேர் பகலில். மலச்சிக்கல் தீர்ந்த பிறகு, இரவில் நனைத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கும் பகலில் நனைத்தவர்களில் 89 சதவீதம் பேருக்கும் அதுவும் நின்றது. அந்தப் பெற்றோரில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைக்கு மலச்சிக்கல் இருப்பதையே அறியாமல் இருந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. தினமும் கொஞ்சம் போகிற குழந்தைக்கும் உள்ளே தேக்கம் இருக்கலாம். ஐந்து வயதுக்கு மேல் தானே போய்த் தானே கழுவிக்கொள்ளும் பிள்ளையின் மலத்தை யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்ல வலுவான ஒன்று உண்டு: மலச்சிக்கலே இல்லாமல் படுக்கையை நனைக்கும் குழந்தைகள் ஏராளம். பெற்றோர் இருவரும் சிறு வயதில் நனைத்தவர்களானால் பிள்ளைகளில் 77 சதவீதம் பேருக்கும், ஒருவர் மட்டும் என்றால் 44 சதவீதம் பேருக்கும் வரும் என்று 1973-ல் பாக்வின் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கணக்கிட்டார். டென்மார்க்கின் ஆர்ஹுஸில் 1980-களில் நோர்கார்டும் ரிட்டிக்கும் ஜுர்ஹுஸும், இரவில் சிறுநீரைக் குறைக்கச் சுரக்க வேண்டிய ஹார்மோன் சில குழந்தைகளுக்குப் போதிய அளவு கூடுவதில்லை என்று கண்டார்கள். டெஸ்மோப்ரெசின் என்ற மருந்து அதிலிருந்து நிலைபெற்றது. பெல்ஃபாஸ்டில் ஃபோர்சைத், ரெட்மண்ட் இருவரும் 1974-ல் சொன்னபடி, ஆண்டுதோறும் நூற்றில் பதினைந்து பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சரியாகிவிடுகிறது. இவை எல்லாம் உண்மை. மலச்சிக்கல் ஒன்றே காரணம் என்று சொல்பவர் இன்னொரு ஒற்றைக் காரணத்தை ஏற்றிவைக்கிறார், அவ்வளவே. ஆனால் இந்த எதிர்வாதத்தின் ஒவ்வொரு துண்டும் என் முதல் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மரபணு, ஹார்மோன், உறக்கத்தின் ஆழம், சிறுநீர்ப்பையின் அளவு, அதன் மீது சாயும் மலக்குடல் — இவற்றில் எதையும் குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை. நூற்றில் பதினைந்து பேர் தாமாகவே குணமாவதுதான், அடித்தவர்கள் அடியால் குணமாயிற்று என்று தலைமுறை தலைமுறையாக நம்பியதற்கும் காரணம். அடித்த ஆண்டிலும் அடிக்காத ஆண்டிலும் அதே பதினைந்து பேர்தான்.

விடுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்ட பிறகும் அடக்கிக்கொள்ளும் இடம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஸ்வீடனில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயது வரையிலான மாணவர்களில் 80 சதவீதம் பேர் பள்ளிக் கழிவறையில் மலம் கழிப்பதே இல்லை என்றார்கள். 25 சதவீதம் பேர் சிறுநீர் கழிக்கவும் அங்கே போவதில்லை என்றார்கள். நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, வெளியே நிற்கும் பிள்ளைகளின் சிரிப்பு. வசதிமிக்க ஸ்வீடனின் கதை அது.

பிரிட்டனில் அரசின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நிறுவனம் 2010 மே மாதத்தில் குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு ஒன்றும், அதே ஆண்டு அக்டோபரில் படுக்கை நனைவதற்கு ஒன்றுமாக இரண்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இரண்டாவதில், இது குழந்தையின் தவறு அன்று என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள், தண்டிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என மருத்துவர்களுக்கு அறிவுரை இருக்கிறது. மணியையோ மாத்திரையையோ எடுக்கும் முன் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்த்து அதை முதலில் தீருங்கள் என்றும் இருக்கிறது. ஃபேயரின் நூலில் பூச்சியையும் தொப்புள் வீக்கத்தையும் கல்லையும் நடுவில் வைத்துப் பிரிந்திருந்த இரண்டு தலைப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள 466 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.